போர்ட் பிளேரிலிருந்து இரண்டு மணி நேரம்

புதுப்பட்டினம்
22.6.1998

தங்கை சைனம்புக்கு அண்ணன் நூர்முகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் மகன் தௌசிஃப் 12ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் ஐஸ் ஃபேக்டரியில் மின்சாரம் தாக்கி இறந்தான். 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு அடக்கம் செய்தோம். நீ வந்து சேர்ந்தபோது மணி ஐந்து நாற்பது.

மூன்று நாள் என் வீட்டில் இருந்தாய். ஃபைஸாவின் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவள் எனக்கு மகள், உனக்கு மருமகள். அவளிடம் பேசினாய், என்னிடம் பேசவில்லை. போர்ட் பிளேர் திரும்பியபின் போன் செய்தால், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உனக்குப் போன் செய்தேன். "வைங்க அண்ணே, நாளைக்குக் காலையில வந்துடுறேன், ரெண்டு மணி நேரம்தான்" என்றாய். போஸ்ட்மார்ட்டம் முடிந்து செங்கல்பட்டிலிருந்து மய்யித்து வீட்டுக்கு வந்தபோது மாலை ஐந்து. நம் வழக்கப்படி மஃரிப் தொழுகைக்கே அடக்கியிருக்க வேண்டும். ஜமாஅத்தில் அதைத்தான் சொன்னார்கள். பெற்றவள் வருகிறாள் என்று நான்தான் கையைப் பிடித்துக் கேட்டேன். ஆயிரத்து முந்நூற்றெழுபது கிலோமீட்டர். காலை ஆறுக்கு மீனம்பாக்கத்தில் கிளம்பும் விமானம் எட்டுக்கு அங்கே இறங்கும். உன்னை ஏற்றிக்கொண்டு பதினோரு மணிக்கு இங்கே வந்துவிடும். டிரைவர் மோசஸ் வேனோடு காத்திருப்பான். ஒரு மணிக்கு நீ வீட்டில். லுஹர் தொழுகையோடு அடக்கம். இதுதான் என் கணக்கு.

சனிக்கிழமை அங்கே மழை. போன விமானம் இறங்க முடியாமல் திரும்பி வந்துவிட்டது. ஜமாஅத்தில் மறுபடி கேட்டு ஞாயிறு அஸர் தொழுகை வரைக்கும் தவணை வாங்கினேன். நீ கிளம்பியதாக எந்தத் தகவலும் வரவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஃபைஸாவுக்கு நாலாவது மாதம். பிள்ளை பிறக்கும் வரை அவள் இத்தா இருக்க வேண்டும், வாசலைத் தாண்ட முடியாது. பிறகு தாயும் பிள்ளையும் இங்கேயே என்னிடம் இருக்கட்டும். அவளுக்குத் தாய் இல்லை, எனக்கு வேறு பிள்ளை இல்லை. இனி போனை எடு.

அண்ணன்
நூர்முகமது


போர்ட் பிளேர்
5.7.1998

அண்ணனுக்கு,

ஸலாம் எழுதக் கை வரவில்லை. மன்னிப்பது அல்லாஹ்வின் வேலை.

இரண்டு மணி நேரம் என்று சொன்னது நான்தான். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். என் கடைக்கு வருகிற ஜவுளிக்கட்டு கப்பலில் மூன்றும் நாலும் வாரம் கிடந்து வரும். நான் வருவது மட்டும் இரண்டு மணி நேரம் என்று நம்பினேன். டிக்கெட்டில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே ஏர்போர்ட்டில் போய் உட்கார்ந்தேன். எட்டு மணிக்குச் சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்து பையை எடுத்துக்கொண்டோம். மேகத்துக்கு மேலே விமானம் சுற்றியது. ஒரு தரம், இன்னொரு தரம். தலைக்கு மேலேயே இருந்தது, அண்ணே. பிறகு சத்தம் குறைந்துகொண்டே போனது. பக்கத்தில் இருந்த ஆபீசர், "திரும்பிப் போகுதும்மா, நாளைக்குத்தான்" என்றார். நான் பையை மடியில் வைத்தபடி மதியம் வரை அங்கேயே இருந்தேன். யாரும் எழுப்பவில்லை.

அந்த நேரம் என் பிள்ளை உங்கள் ஹாலில் ஐஸ்கட்டிக்கு நடுவில் கிடந்தான். மீனுக்கு உடைக்கிற ஐஸ். அவனைக் கொன்ற ஃபேக்டரியில் உறைந்த ஐஸ். வெள்ளிக்கிழமையே அடக்கியிருந்தால் 'அண்ணன் மார்க்கப்படி செய்தார்' என்று அழுது முடித்திருப்பேன். இரண்டு நாள் வைத்திருந்தவர் இன்னும் ஒரு மணி நேரம் வைக்கவில்லை. முகத்தையாவது பார்த்திருப்பேன். என்னைக் கபுருஸ்தானுக்குக் கூட்டிப்போகச் சொல்லவில்லையே, வாசலில் வைத்து முகம் காட்டச் சொன்னேன், அவ்வளவுதானே.

தகவல் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறும் மழையால் தாமதமாகி, மூன்று ஐந்துக்குத்தான் விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கியது. மோசஸ் என்னைப் பார்த்ததும் எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்குப் போனான். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவன் உள்ளே பேசினான். வாய் அசைந்ததைப் பார்த்தேன். வெளியே வந்து, "சொல்ட்டேம்மா, வெயிட் பண்ணுவாங்க, வா" என்றான். கேளம்பாக்கம், திருப்போரூர் எல்லாம் தாண்டி வேனைப் பறக்க விட்டான். மாமல்லபுரம் திருப்பத்தில் ஒரு டூரிஸ்ட் பஸ் மறித்து நின்றபோது இறங்கிப் போய் அவர்களைக் கெஞ்சினான்.

அந்தப் போனை எடுத்தது யார்?

ஃபைஸாவும் பிள்ளையும் என்னிடம் வரட்டும். எனக்கும் வேறு பிள்ளை இல்லை. இப்போது அவனும் இல்லை.

சைனம்பு


புதுப்பட்டினம்
19.7.1998

சைனம்பு,

கேட்டதால் சொல்கிறேன். வீட்டில் இருநூறு பேர். வீட்டை ஒட்டிய என் மீன் கடையில் போன் அடித்தபோது கருப்பன் எடுத்திருக்கிறான். ஐஸ் சுமக்கிறவன், அவனுக்குப் போன் பேசிப் பழக்கமில்லை. "யாரோ இன்னாவோ சொன்னாங்க மொதலாளி" என்று மறுநாள்தான் என்னிடம் சொன்னான். அவனைத் திட்டி என்ன பயன்? விட்டுவிட்டேன். நீயும் விட்டுவிடு.

ஐஸ் பற்றி எழுதியிருக்கிறாய். சட்ராஸ் கரையிலிருந்து கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குச் சைக்கிளில் மீன் கூடை கட்டி விற்ற காலத்திலிருந்து எனக்குத் தெரிந்தது ஐஸ்தான். நீ வருகிறாய் என்றாய், கையில் இருந்ததை வைத்து உனக்காகக் காத்தேன். புதிதாய் உடைத்த ஐஸைத்தான் வைத்தேன்.

ஃபைஸா விஷயம் நடக்காது. இத்தா முடிய நவம்பர் கடைசி ஆகும். அதற்குள் பயணம் கூடாது என்பது உனக்கே தெரியும். ஏழு மாதத்துக்கு மேல் விமானத்தில் ஏற டாக்டர் சீட்டு வேறு கேட்கிறார்களாம், டிராவல்ஸில் விசாரித்தேன். பிறகு பச்சைப் பிள்ளை. உன் ஊரில் மழை எட்டு மாதம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இங்கே வேனில் முக்கால் மணியில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி. அங்கே பெரிய வியாதி என்றால் விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். விமானம் வந்த லட்சணத்தை நீயே பார்த்தாய். உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு யோசி. நீயும் கடை நடத்துகிறவள்தானே.

வருடத்துக்கு ஒரு தரம் வந்து பிள்ளையைப் பார். டிக்கெட் நான் போடுகிறேன்.

நூர்முகமது


போர்ட் பிளேர்
4.8.1998

அண்ணனுக்கு,

ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புகிறேன், கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லக் கூடாது.

கருப்பன் போனை எடுத்தானா? மின்சாரம் பாய்ந்த மோட்டார் சங்கிலியிலிருந்து தௌசிஃபைப் பிரித்தது யார் என்று நினைவிருக்கிறதா? கருப்பன்தான். மரக்கட்டையால் தள்ளி, அது முடியாமல் கையாலேயே இழுத்தான். வெள்ளியிலிருந்து செவ்வாய் வரைக்கும் இரண்டு கையிலும் கட்டோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். புதன்கிழமை நான் கிளம்பும்போது கட்டோடு வந்து வாசலில் நின்று அழுதான். "தம்பிய காப்பாத்த முடிலம்மா" என்றான். கட்டைப் பார்த்தவள் நான். உங்களுக்காக உயிரை விடப் போனவன் தலையில் பழியைப் போட உங்களுக்குத்தான் வரும்.

இன்னொன்று. தௌசிஃப் ஏப்ரலில் எனக்கு எழுதிய கடிதத்தின் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது. கண்ணாடி போடாமல் படிக்க முடியாது என்பீர்கள், அதனால் வேண்டிய இடத்தை நானே எழுதுகிறேன்:

"அம்மா, டின் தூக்குற மோட்டார் ஷாக் அடிச்சிகினே கீது. ரெண்டு வாட்டி சங்கிலி கையை இழுத்துடுச்சு. மாமு கிட்ட ரெண்டு வாட்டியும் சொல்ட்டேன். 'எறா சீசன்ல ஃபேக்டரிய நிறுத்த முடியாதுடா, ஜூன் முடியட்டும், அதுவரிக்கும் ரப்பர் செருப்பு போட்டுகினு வேலை பாரு'ன்றாரு. நானும் ரெண்டு ஜோடி வாங்கிகினேன், ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு மாமு தலைல வைக்க. சும்மா சொன்னேன், கவலைப்படாத. ஃபைஸா கிட்ட சொல்லல, பயப்படுவா."

அசல் என்னிடம் இருக்கிறது. விபத்து என்று போலீஸ் ஃபைலை மூடிவிட்டதாக ஃபைஸா சொன்னாள். மூடியதைத் திறக்க இந்த ஒரு காகிதம் போதும் என்று இங்கே ஒரு வக்கீல் சொல்கிறார்.

ஃபைஸாவும் பிள்ளையும் இங்கே வர வேண்டும். இல்லையென்றால் கடிதம் செங்கல்பட்டு போலீசுக்குப் போகும். வியாபாரம் என்று நினைத்தாலும் சரி.

சைனம்பு


புதுப்பட்டினம்
20.8.1998

சைனம்பு,

உன் தபால் வந்த அன்று நான் மறைமலைநகரில் ஒரு கேன்டீனுக்கு மீன் விலை பேசப் போயிருந்தேன். சமையல் வேலை செய்யும் ஞானம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கி ஃபைஸாவிடம் கொடுத்துவிட்டாள். நான் வந்தபோது அவள் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த ஜெராக்ஸ்.

"போன எட்த்தது யாரு அத்தா?" என்றாள்.

"கருப்பன்னு மாமிக்கு எழுதிட்டேம்மா" என்றேன்.

"மாமிக்கு நீ இன்னா எழுதினன்னு கேக்கல. எட்த்தது யாரு?"

அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். எடுத்தது நான்.

மூன்று இருபது. கடையில் நான் மட்டும்தான் இருந்தேன். கபர் வெட்டுகிறவனுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று, கஃபன் சுற்றியாயிற்று, முகம் மட்டும் திறந்திருந்தது. அஸர் தொழுதபின் தூக்கலாம் என்று ஜமாஅத்தில் சொல்லியிருந்தார்கள். மோசஸ் சொன்னான்: "மொதலாளி, அம்மா வந்துட்டாங்க, பக்கத்துலயே நிக்கிறாங்க. அஞ்சரைக்கு வூட்ல இருப்போம்." சரி என்று வைத்தேன்.

வைத்துவிட்டு அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். நீ வந்து முகத்தைப் பார்ப்பாய். பிறகு கையைத் திறந்து காட்டச் சொல்வாய். உள்ளங்கை இருந்த விதம் எனக்குத் தெரியும், குளிப்பாட்டியது நான்தான். பிறகு இருநூறு பேர் நடுவில் என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்பாய். அவன் உனக்கு எழுதியது எனக்குத் தெரியாது. ஆனால் அவன் எதையும் உன்னிடம் மறைக்கமாட்டான் என்று தெரியும். மோட்டாரை ஏன் சரி செய்யவில்லை என்பதுதான் அந்தக் கேள்வி. மோட்டார் மெக்கானிக் வந்து பார்த்தால் மூன்று நாள் வேலை. மூன்று நாள் ஃபேக்டரி நின்றால் படகுக்காரன் எல்லாம் வேறு இடத்தில் ஐஸ் எடுக்கப் போய்விடுவான், சீசனில் போனவன் திரும்பமாட்டான். அதுதான் என் மனதில் இருந்தது.

வாசலுக்கு வந்து, "இன்னிக்கும் ஃப்ளைட் வரல, தூக்கிடலாம்" என்றேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு நாளாய் அவர்களே எதிர்பார்த்த வார்த்தை அது. மூன்றே முக்காலுக்குத் தூக்கினோம். கபரில் இறங்கி வாங்கிப் படுக்க வைத்ததும் நான்தான். வேன் வரும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் மண் போட்டேன்.

விளக்கம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

கடிதத்தைச் செங்கல்பட்டுக்கு அனுப்புவதென்றால் அனுப்பு. ஃபைஸாவைத் தருகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அவள் என்னோடு பேசுவதில்லை. ஞானம்மாள் தன் வீட்டில் சமைத்துக் கொண்டுவருவதைச் சாப்பிடுகிறாள். "ஏம்மா இப்டி?" என்று ஞானம்மாள் கேட்டதற்கு, "இந்த வூட்டு சோறு எறங்கல, இத்தான்னு வாசல தாண்டாம கீறேன்" என்றாளாம்.

நூர்முகமது


போர்ட் பிளேர்
12.9.1998

அண்ணனுக்கு,

ஃபைஸா எனக்குத் தனியாக எழுதியிருக்கிறாள். அவள் கடிதத்தைப் படித்தபின் என் கடிதத்தை நினைத்து வெட்கப்பட்டேன். நீங்களும் நானும் ஒரு பெண்ணையும் வயிற்றுப் பிள்ளையையும் நடுவில் வைத்துத் துண்டு போட்டு விலை பேசிக்கொண்டிருந்தோம். "மாமி, லெட்டர காட்டி அத்தாவ மெரட்டி என்ன கூப்டாதீங்க. வர்றதுன்னா நானே வர்றேன்" என்று எழுதியிருக்கிறாள். போலீசுக்குப் போகமாட்டேன். ஆனால் கடிதத்தைக் கிழிக்கவும் மாட்டேன்.

நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள். நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் தௌசிஃப் இங்கே வந்துவிடுகிறேன் என்று போனில் கேட்டான். காரணம் எனக்குத் தெரியும், கடிதம் கையில் இருந்தது. "சீசன்ல விட்டுட்டு வந்தா மாமு இன்னாடா நினைப்பாரு, ஜூன் முடிச்சிட்டு ஃபைஸாவையும் கூட்டிகினு வா" என்றேன். மாமு மனது கோணக் கூடாது என்று பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிற தூரம்தானே, என்ன அவசரம் என்றும் சொன்னேன். அதை நினைத்தால் இரண்டு நாள் எனக்குத் தூக்கம் வராது, மூன்றாம் நாள் அடித்துப்போட்ட மாதிரி தூங்குவேன். அதற்காக உங்களுடைய பங்கு குறையாது.

பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். பிறகு எங்கே இருப்பது என்று ஃபைஸா சொல்லட்டும். இங்கே வருகிறேன் என்றால் நீங்கள் தடுக்கக் கூடாது. நீங்கள் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றால் நான் கேட்பது இரண்டு.

ஒன்று, அந்தப் பள்ளிவாசலில், ஜும்மா கூட்டத்தில், என் கேள்விக்குப் பயந்து யாரிடம் பொய் சொன்னீர்களோ அவர்களிடமே உண்மையைச் சொல்ல வேண்டும். போனையும் சொல்ல வேண்டும், மோட்டாரையும் சொல்ல வேண்டும். கருப்பன் அந்த இடத்தில் இருக்க வேண்டும், பள்ளிக்குள் வரமாட்டான் என்றால் வாசலிலாவது.

இரண்டு, நீங்கள் விமானத்தில் வரக் கூடாது. சென்னையிலிருந்து கப்பல் வருகிறது, மூன்று நாள். கீழ்த்தட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு வருவார்கள். அதில் வாருங்கள். நான் ஏர்போர்ட்டில் உட்கார்ந்திருந்தது எவ்வளவு நேரம் என்று உங்களுக்கு வேறு எப்படிப் புரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சைனம்பு


புதுப்பட்டினம்
17.1.1999

சைனம்புக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று முன்தினம், நோன்பின் கடைசி ஜும்மா. பள்ளி நிறைந்து தெரு வரை பாய் விரித்திருந்தது. தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றேன். மூன்று இருபதுக்குப் போன் வந்ததையும், விமானம் வரவில்லை என்று நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். மோட்டாரைப் பற்றிப் பிள்ளை இரண்டு தரம் சொன்னதையும், சீசன் முடியட்டும் என்று நான் சொன்னதையும் சொன்னேன். கருப்பன் வாசல்படிக்கு வெளியே வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பேரை நான் பொய்க்கு எடுத்ததையும் சொன்னேன்.

பின் வரிசையிலிருந்து ஒருத்தர், "ஏழு மாசம் கயிச்சு சொல்ற, நல்லா கீது பாய்" என்றார். இன்னொருத்தர், "அப்ப எங்களயும் சேத்துதான ஏமாத்துன?" என்றார். இமாம் கையமர்த்தினார். வெளியே வந்தபோது ஒதுங்கி வழிவிட்டார்கள். படகுக்காரர்களில் பாதிப் பேர் சனிக்கிழமை ஐஸ் எடுக்க வரவில்லை. கருப்பன் மட்டும் வந்தான். "கணக்க முடிச்சிடு மொதலாளி" என்றான். முடித்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஃபைஸாவிடம் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சு அத்தா, ஸ்பீக்கர் போட்டிருந்தாங்க" என்றாள். சாயங்காலம் நோன்பு திறக்கக் கஞ்சிக் கிண்ணத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் கையால் வந்தது அதுதான். ஆனால் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

போனில் நாம் பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன், பிறகு நீயோ நானோ மாற்றிச் சொல்லக் கூடாது. ஃபைஸாவும் பிள்ளையும் பெருநாள் முடிந்து 30ஆம் தேதி சனிக்கிழமை காலை விமானத்தில் வருகிறார்கள். கூட வருவது மோசஸ், நான் இல்லை. மீனம்பாக்கம் வரைக்கும்கூட நான் வரவேண்டாம் என்று ஃபைஸா சொல்லிவிட்டாள், ஒப்புக்கொண்டேன். அவள் பேரில் திரும்பி வர ஒரு டிக்கெட்டுக்கான பணம் அவள் கையிலேயே இருக்கும். வருவதும் வராததும் அவள் இஷ்டம், நீ தடுக்கக் கூடாது, நான் கூப்பிடக் கூடாது. தௌசிஃபின் கடிதம் உன்னிடமே இருக்கும், அதை நான் கேட்கமாட்டேன். இந்த வருடம் நான் அங்கே வருவதில்லை. அடுத்த வருடத்திலிருந்து ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து வருடத்துக்குப் பத்து நாள், அதில் பிள்ளையைத் தினம் காலையில் ஒரு மணி நேரம் என்னிடம் கொடுப்பது. வருவதும் போவதும் கப்பலில். சாப்பாடு உன் வீட்டில், படுக்கை உன் கடையில்.

நூர்முகமது